மதிப்பீட்டுக்காரிக்கு ஏலக்காய் ரொட்டி

வியாழக்கிழமை அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று சைமியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினாள். எங்கள் கொர்ப்பிவாராவில் தலையை ஆட்டினால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம், செய்வோம் என்று அல்ல. இந்த ஊரிலேயே பிறந்து, இருபத்தாறு வருஷமாக வீட்டுப் பராமரிப்பு நர்ஸாக இதே வீடுகளில் ஏறி இறங்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் நம்பினேன். களைத்துப்போன மனுஷர்கள் எதையும் நம்புவார்கள்.

அன்று காலை பெரிய சாலையை விட்டு சைமி வீட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பியதுமே இரண்டு புகை தெரிந்தது. ஒன்று சமையலறைப் புகைபோக்கி. இன்னொன்று ஏரிக்கரையில் இருக்கும் சௌனா, நீராவிக் குளியல் கொட்டகை. மார்ச் மாதம், மைனஸ் பதினேழு, காற்று என்பதே இல்லை. இரண்டு புகையும் நட்டுக்குத்தாக நின்றன. பாதையில் பனியைச் சுரண்டித் தள்ளி, வருகிறவள் வழுக்கி விழாமலிருக்கச் சாம்பல் தூவியிருந்தது. எழுபத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் சைமிக்கு எப்போது நேரம் கிடைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. படுத்திருக்கவே மாட்டாள்.

கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசனை மூக்கில் அறைந்தது.

"சைமி, நான் என்ன சொன்னேன்?"

"நீ என்னவோ சொன்னே. நூத்தி முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வர்றா. வெறுங்காப்பி குடுத்து அனுப்பச் சொல்றியா?"

"காப்பியே வேண்டாம்னுதான் சொன்னேன். அவ விருந்துக்கு வரல. நீங்க படற பாட்டைப் பாக்க வர்றா."

"பாக்கட்டுமே. பாத்துட்டுச் சாப்பிடட்டும்."

"தரையை வேற தேய்ச்சிருக்கீங்க."

"அழுக்குத் தரையில ஆளை நடக்க விடணுமா? பேச்சைப் பாரு. பூட்ஸைக் கழட்டு மொதல்ல."

கழற்றினேன்.

மேஜையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பின்னல் போட்ட ஏலக்காய் ரொட்டி. ரை மாவு ஓட்டுக்குள் பால்சோறு வைத்துச் சுட்ட கரேலியப் பலகாரம். வெண்ணெயில் பிசைந்த முட்டை. இரண்டு வகை பிஸ்கட், காட்டுப்பழ ஜாம் வைத்துச் சுட்ட மாவுப் பலகாரம், அதற்கு மேல் ஒரு கேக். எண்ணினால் ஏழு வகை. சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும்தான் ஏழு வகை வைப்போம்.

சைமியின் புருஷன் வெய்க்கோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மழுமழுவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாற்பது வருஷம் இந்த வட்டாரச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். எண்பத்து நாலு வயது. மறதி நோய் வந்து நாலு வருஷமாகிறது.

"நல்லவேளை நீ வந்தே. காலையிலேயே சட்டையை மாட்டி விட்டுட்டா. யாரு செத்தாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா" என்றார் என்னிடம்.

"யாரும் சாகல, வெய்க்கோ. நகரத்திலேர்ந்து ஒருத்தங்க பாக்க வர்றாங்க."

"அப்படியா? ரோட்டுல பனி தள்ளியாச்சா?"

"தள்ளியாச்சு."

"யாரு தள்ளினது? சரியாத் தள்ளியிருக்க மாட்டான்."

வந்த வினை இதுதான். மூன்று வருஷம் முன்புவரை எங்கள் ஊராட்சிக்கே ஒரு சுகாதார நிலையம், ஒரு முதியோர் இல்லம், நாங்கள் நாலு நர்ஸுகள் இருந்தோம். யார் வீட்டில் யார் தூங்கவில்லை என்பது கடையில் பால் வாங்கும்போதே தெரிந்துவிடும். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானால், யாருக்கு என்று இல்லத்துத் தலைமை நர்ஸ் காப்பி நேரத்தில் முடிவு செய்துவிடுவாள். அதிலும் அநியாயம் நடந்ததுண்டு, அவள் தங்கச்சி மாமியாருக்கு இடம் கிடைத்த வேகம் எங்களுக்கு மறக்கவில்லை. பிறகு நலமாவட்டம் என்று ஒரு புது அமைப்பு வந்தது. ஆஸ்பத்திரி, சுகாதார நிலையம், முதியோர் இல்லங்கள், வீட்டுப் பராமரிப்பு, சமூகநல அலுவலகம் எல்லாம் ஒரே குடையின் கீழ். பதின்மூன்று ஊராட்சிக்கும் ஒரே கோப்பு, ஒரே காத்திருப்பு வரிசை. ஒரு கை செய்வது இன்னொரு கைக்குத் தெரியாமல் போகிற கொடுமை இனி இருக்காது என்றார்கள். நானும் கைதட்டினவள்தான். இப்போது காலையில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், எத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் என்று என் போன் சொல்கிறது. சைமி வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம், வெய்க்கோவுக்கு மாத்திரை கொடுக்க, ரத்த அழுத்தம் பார்க்க.

சைமிக்கு வேண்டியது மாத்திரை அல்ல. வெய்க்கோவுக்கு எந்நேரமும் ஆள் இருக்கிற இல்லம் ஒன்றில் ஓர் இடம். அவர் ராத்திரி நாலு தடவை எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனி தள்ளக் கிளம்புகிறார். போன ஜனவரியில் ஏரிப்பனியின் மேல் பாதி தூரம் போய்விட்டவரை, இவள் நைட்டியோடு ஓடிப்போய் இழுத்து வந்தாள். அதிலிருந்து வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். விறகுப் பெட்டியைக் கழிப்பறை என்று நினைத்துக்கொள்கிறார். உடம்பு கழுவிவிடப் போனால் சில நாள் கையை ஓங்குகிறார். சைமிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. இன்னொரு குளிர்காலத்தை இவள் தாங்கமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இடம் கிடைக்க நலமாவட்டத்து மதிப்பீட்டுக்காரி நேரில் பார்த்து எழுதவேண்டும். அவள் எழுத, இதெல்லாம் கண்ணில் படவேண்டும். அதனால்தான் அடுப்பை மூட்டாதே என்றேன்.

பத்தரைக்கு அவள் வந்தாள். பெயர் மிர்வா. நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். அன்றைக்கு இது இரண்டாவது வீடு, இன்னும் இரண்டு பாக்கி. வழியில் ஒரு காட்டுமான் குறுக்கே வந்து உயிர் போய் வந்தது என்றாள். பாவம், மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து வண்டியிலேயே தின்கிற ஜாதிதான் அவளும்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்கு?" என்றாள் மேஜையைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல, சும்மா வீட்டுல கெடந்தது" என்றாள் சைமி.

வெய்க்கோ எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்துவிட்டது. புது ஆளைக் கண்டால் அவருக்கு இப்படித் தெளிந்த ஒரு மணி நேரம் வரும், எங்கிருந்து வருமோ தெரியாது. கையைப் பிடித்துக் குலுக்கி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க எந்த ஊர்ப் பொண்ணு?"

மிர்வா சொன்னாள்.

"ஓ, அந்த மேட்டு ரோடு! ஆலைக்குப் பக்கத்துல ஒரு வளைவு வரும். அறுவத்தாறாம் வருஷம் அங்க பனி டெலிபோன் கம்பம் உசரம் இருந்தது. நாந்தான் தள்ளினேன்."

"எங்கப்பா சொல்லியிருக்காங்க!" மிர்வாவின் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தாள். "சரி வெய்க்கோ, சில கேள்வி கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. இது என்ன மாசம்?"

"ஏரிப்பனி லாரியைத் தாங்குற மாசம். ஆனா நான் ஏத்த மாட்டேன். ஏத்தறவன் முட்டாள்."

மிர்வா சிரித்தாள். சைமியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"சாப்பாடு, குளியல் எல்லாம்?"

"சௌனாவுக்கு அவரே போயிடுவாரு. இன்னிக்குக்கூட மூட்டியிருக்கு" என்றாள் சைமி.

மூட்டியது இவள். அவர் கடைசியாகத் தனியே சௌனாவுக்குப் போனது முந்தின வருஷம்.

"ராத்திரி தூக்கம்?"

"வயசானவங்க தூக்கம் எப்படி இருக்கும்? கோழித் தூக்கம்தான்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கா, சைமி? வெளிப்படையாச் சொல்லுங்க."

சைமி என்னைப் பார்க்கவே இல்லை. கணவனைப் பார்த்தாள். அவர் சர்க்கரைக் கட்டியை வாயில் வைத்துக் காப்பியை உறிஞ்சியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமாளிக்கிறோம்" என்றாள்.

எங்கள் ஊரில் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். இல்லை, இவள் சொல்வது பொய், விறகுப் பெட்டியை மோந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே, அவள் புருஷன் காதுபட, அவள் சுட்ட ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, விருந்தாளி எதிரில் எப்படி மானத்தை வாங்குவது? சைமி என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் தின்றேன். ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கிளம்பும்போது மிர்வாவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் சைமி, மிச்சமிருந்த இரண்டு வீட்டுக்கும் வழியில் தின்ன.

சாயந்திரம் என் முறை முடிந்ததும் திரும்பப் போனேன். வீட்டில் வெய்க்கோ சட்டையோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார், அந்த ஒரு மணி நேரம் அவரைப் பிழிந்து போட்டிருந்தது. சைமியைக் காணோம். சௌனாக் கொட்டகையில் இருந்தாள். உடை மாற்றும் அறை பூராவும் மூத்திர நாற்றம். ஈரப் படுக்கை விரிப்புகள், மெத்தைமேல் போடும் ரப்பர் துணி, விறகுப் பெட்டி, கதவோரத்து நாற்காலி, அவர் எட்டி உதைத்து உடைத்த ஸ்டூல், எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து அடைத்திருந்தாள். மிர்வா பார்க்கவேண்டியது அத்தனையும் இங்கே இருந்தது. வெந்நீரில் விரிப்புகளை முக்கிக்கொண்டிருந்தாள் அவள்.

"நாற்காலியைக்கூட ஒளிச்சீங்களா?"

"வாசல்ல நாற்காலி கெடந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நீங்க அதுல தூங்கறீங்கன்னு நெனைப்பாங்க! அதுக்குத்தானே அவ வந்தா!" கத்திவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் யார் வீட்டிலும் கத்தியதில்லை.

அவள் விரிப்பைப் பிழிந்தாள். விரல்கள் பிழியும் அளவுக்கு மடங்கவில்லை, நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்கினோம்.

"தார்யா, அம்பத்தாறு வருஷம் அவர்கூட இருந்திருக்கேன். அவர் முன்னாடி உக்காந்துகிட்டு இந்த ஆளோட முடியல, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லச் சொல்றியா? அவருக்குப் புரியாதுன்னு நெனைக்கிறியா? சில நேரம் எல்லாம் புரியுது. எந்த நேரம் புரியும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப தனியா அவகிட்டச் சொல்லியிருக்கலாம்."

"முதுகுக்குப் பின்னாடியா? அது இன்னும் மோசம்."

விரிப்புகளை வெளியே கொடியில் போட்டோம். போட்டதும் குளிரில் அட்டைபோல் விறைத்துவிட்டன.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சைமி அதை உறை பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள். இல்லத்தில் இடம் தேவையில்லை. வீட்டிலேயே பராமரிப்புத் தொடரலாம், வாரம் மூன்று வீடியோ அழைப்பு, மாத்திரையை நேரத்துக்குத் தள்ளும் ஒரு பெட்டி. காரணம் கீழே எழுதியிருந்தது. மிர்வா நேரில் கண்டது ஒரு வரி. அடுத்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். வீட்டுப் பராமரிப்புப் பதிவுகள் கடந்த ஒன்றரை வருஷத்தில் இருநூற்றுப் பதினொன்று, அனைத்திலும் "மாற்றமில்லை, சமாளிக்கிறார்கள்."

அந்த இருநூற்றுப் பதினொன்றும் நான் அழுத்தியவை. போனில் அந்த வாசகம் தயாராக இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் போதும். வேறு ஏதாவது எழுதவேண்டுமானால் விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டவேண்டும், அடுத்த வீட்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் ஏரியிலிருந்து இழுத்து வந்த மறுநாள் காலையும் போயிருந்தேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன், சமாளிக்கிறோம் என்றாள், தட்டினேன். ஆஸ்பத்திரி டாக்டரும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். சமூகநல அலுவலகமும் அதைப் பார்த்துத்தான். எல்லாம் ஒரே கோப்பாக ஆனதில் என் ஒரு பொய் பதின்மூன்று ஊராட்சிக்கும் உண்மையாகிவிட்டது. மிர்வாவைத் திட்டிக்கொண்டு திரிந்த என் வாயை நானே மூடிக்கொண்டேன்.

"தப்பு என்னோடது" என்றேன் சைமியிடம். போனில் அந்தப் பதிவுகளைக் காட்டினேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கே."

"அதான் தப்பு. என் கண்ணு என்ன பண்ணிட்டிருந்தது?"

"சரி, விடு. காப்பி குடி."

"வேண்டாம்" என்றேன். அந்த வீட்டில் முதல் முறையாக வேண்டாம் என்றேன். அவள் முகம் மாறியது. அப்போதுதான் நான் விளையாடவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எழுதினேன். பதினைந்து நிமிஷம் முப்பதாகட்டும், போன் கத்தட்டும், மேலதிகாரி கூப்பிடட்டும். விறகுப் பெட்டியை எழுதினேன். நாற்காலியை எழுதினேன். சைமியின் முழங்கையில் இருந்த காயத்தை, அது எப்படி வந்தது என்பதை எழுதினேன். அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் "இதையுமா?" என்பாள். "இதையும்தான்" என்பேன். மறுமதிப்பீடு கேட்டு மனு போட்டேன். வீடியோவில் செய்யலாம் என்று பதில் வந்தது.

ஏப்ரல் கடைசி. கூரையிலிருந்து பனி சொட்டச் சொட்ட, சமையலறை மேஜையில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தோம். மேஜை மேல் வேறு எதுவும் இல்லை. சைமியின் கைகளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெய்க்கோ அவள் பக்கத்தில். அவரை வேறு அறையில் உட்கார வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் எதிரில்தான் சொல்வேன் என்றாள்.

திரையில் மிர்வா வந்தாள். "பதிவெல்லாம் படிச்சேன்" என்றாள், என்னைப் பார்த்து. திட்டவில்லை. "சைமி, படிச்சது போதாது. நீங்க வாயால சொல்லணும். வெய்க்கோவை வீட்டுல வெச்சுப் பாத்துக்க உங்களால முடியுதா?"

நான் அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"முடியல" என்றாள் சைமி.

"என்னது?" என்றார் வெய்க்கோ.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "முடியல, வெய்க்கோ. எனக்கு இனிமே முடியல."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். அவளைத் தெரிந்துதான் பார்த்தாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு திரை பக்கம் சாய்ந்து, அதிகாரியிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்:

"இந்தம்மா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. பாவம், ராத்திரியெல்லாம் நாற்காலியில உக்காந்திருக்காங்க, நானே பாத்திருக்கேன். உங்ககிட்ட எடம் ஒண்ணு இருந்தா, மொதல்ல இவங்களுக்குக் குடுங்க."

மிர்வா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"கேட்டீங்களா?" என்றாள் சைமி. "இந்த ஆளையா நான் அனுப்பப் போறேன்?"

பிறகு மேஜையைத் தடவிய கையை எடுத்துவிட்டு, "முடியலன்னே எழுதிக்கோங்க" என்றாள் மிர்வாவிடம்.

ஒன்பதாம் நாள் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் இல்லத்தில் அல்ல, வரிசையில் முதலில் காலியான கட்டில் மாவட்டத்தின் அந்தக் கோடியில், நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பஸ் மாறவேண்டும். மூன்று நாளுக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சைமி அன்றைக்கே சரி என்றாள். வண்டியில் நீங்கள் அவரோடு வரவேண்டாம், உங்களைப் பார்த்தால் அவர் இறங்க மாட்டார், பிறகு வாருங்கள் என்று இல்லத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை டாக்ஸி வந்தது. பெட்டியை நான் தூக்கிப் பின்னால் வைத்தேன். சைமி அவருக்குத் தொப்பி மாட்டி, கோட்டுப் பொத்தான்களைப் போட்டு, கையைப் பிடித்து வண்டிவரை கூட்டி வந்தாள். வெய்க்கோ பின்கதவைத் தானே திறந்தார். திறந்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை அவள் முதுகில் மெல்ல வைத்து, அவள் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

"ஏறும்மா. போய் நல்லாத் தூங்கு" என்றார்.

சைமி அசையவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தான், நான் ஏரியைப் பார்த்தேன்.

"நீ ஏறு, வெய்க்கோ" என்றாள்.